80 லட்ச ரூபாய் படகு, அதில் 56 லட்சம் அரசு மானியம்... அப்புறமும் மீனவர்கள் தயங்குவது ஏன்? முழு விளக்கம்

ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சத்தை மத்திய அரசு தருகிறது. 16 லட்சத்தை மாநில அரசு தருகிறது. இன்னொரு 16 லட்சத்துக்கு வங்கிக் கடன். மீனவர் தன் கையிலிருந்து போட வேண்டியது 8 லட்சம் மட்டும்தான். படகில் ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி, வயர்லெஸ், மீன் சேமிக்கும் குளிர் அறை என எல்லாமே இருக்கும்.

கேட்கும்போது 'இதை யார் வேண்டாம்னு சொல்லுவாங்க?' என்றுதான் தோன்றும். ஆனால், ராமேஸ்வரம் பக்கம் நடந்தது வேறு. 2017-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 3 வருடத்தில் 2,000 படகுகள் கொடுப்பதாக இலக்கு வைத்தார்கள். பல வருடங்கள் ஆன பிறகும் அதில் ஒரு சிறு பகுதிதான் கடலில் இறங்கியது.

கடலே தெரியாத நீலகிரி மலையில், இத்தலார் மாதிரி தேயிலை ஊர்களில் இருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி புதிது இல்லை. 'மானியம் வருது, மெஷின் வாங்கிடலாமா? வாங்கினா கடனைக் கட்ட முடியுமா?' என்று சிறு விவசாயிகள் யோசிப்பதும் இதே கணக்குதான். அப்படியானால், எல்லா வசதியும் உள்ள விலை உயர்ந்த மீன்பிடிப் படகு உண்மையிலேயே லாபமா? யாருக்கு லாபம், யாருக்குச் சுமை? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன திட்டம்?

பாக் நீரிணைப் பகுதி இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளாக மாற்றும் திட்டம். மத்திய அரசின் 'நீலப் புரட்சி' திட்டத்தின் கீழ் வந்தது. 2017 ஜூலை 27 அன்று ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் நினைவிடத்தைத் திறந்து வைக்க வந்த பிரதமர் மோடி, சில மீனவர்களுக்கு இதற்கான அனுமதிக் கடிதங்களைக் கொடுத்தார்.

ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களின் மீனவர்களுக்கானது இது. முதல் வருடம் 500 படகுகள், மொத்தம் 2,000 படகுகள். ஒரு படகுக்கு 80 லட்சம் என்றால் மொத்த மதிப்பு 1,600 கோடி ரூபாய்.

ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. புதுப் படகு வாங்குபவர் தன் பழைய இழுவைப் படகைக் கைவிட வேண்டும். புதுப் படகில் இழுவை மடி போடக் கூடாது. சூரை மீனுக்கான ஆயிரங்கால் தூண்டிலும் செவுள்வலையும் மட்டும்தான்.

ஏன் இப்படி ஒரு படகு தேவைப்பட்டது?

பாக் நீரிணை ரொம்ப ஆழம் குறைந்த கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான் ஆழம். அகலமும் குறைவு. ராமேஸ்வரத்தில் கிளம்பும் விசைப்படகு கொஞ்ச நேரத்திலேயே சர்வதேச எல்லைக் கோட்டுக்கு வந்துவிடும். 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வரைந்த கோடு அது.

இழுவை மடி கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வரும். பெரிய மீனோடு குஞ்சு, முட்டை, பாசி எல்லாம் வந்துவிடும். பல வருடம் இப்படி அள்ளியதில் நம் பக்கம் மீன் குறைந்தது. மீனைத் தேடிப் படகுகள் கோட்டைத் தாண்டின. அங்கே இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். போர் முடிந்து மறுபடி கடலுக்கு வந்த யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் வலைகள் நம் இழுவைப் படகுகளில் சிக்கி அறுந்தன. அவர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்கள் டெல்லியில் பேசியபோது, இழுவை மடி முறையைச் சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவரும் மாற்றத்தை விரைவுபடுத்துவதாகப் பேசி முடித்தார்கள். 2017 ஜூலையில் இலங்கை தன் கடலில் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் படகின் நீளத்தைப் பொறுத்து அதிகபட்சம் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை உயர்த்தியது.

அதாவது, ராமேஸ்வரம் மீனவருக்கு பழைய தொழிலில் கைது, படகு பறிமுதல், சிறை என்ற பயம். படகின் உரிமையாளருக்குப் படகு போகும். கூலிக்குப் போன தொழிலாளிக்கு வீட்டின் வருமானமே போகும். இதற்கு மாற்றாகத்தான் 'ஆழ்கடலுக்குப் போங்க, அங்கே சூரை இருக்கு' என்ற யோசனை வந்தது. யோசனை தப்பு இல்லை. பிரச்னை வேறு இடத்தில் இருந்தது.

'எல்லா வசதியும் உள்ள படகு' என்றால் என்னவெல்லாம் இருக்கும்?

கரையோரம் போய் மறுநாள் திரும்பும் படகுக்கும், வாரக்கணக்கில் கடலிலேயே இருக்கும் படகுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆழ்கடல் படகில் பொதுவாக இருப்பவை இவை:

* சக்தி வாய்ந்த எஞ்சின், பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் டீசல் தொட்டி
* குடிநீர்த் தொட்டி, சமையல் அறை, படுக்கை, கழிப்பறை
* ஐஸ் போட்டு மீனை வைக்கும் காப்பு அறை அல்லது குளிரூட்டப்பட்ட அறை
* தூண்டில் கயிற்றை இழுத்துச் சுற்றும் இயந்திரம்
* ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வி.ஹெச்.எஃப் வயர்லெஸ், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ்
* உயிர்காப்பு உடை, மிதவை, தீயணைப்புக் கருவி

இந்தத் திட்டத்துக்காக ஆரம்பத்தில் கொச்சி கப்பல் கட்டும் தளத்துடன் 16 படகுகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. ஆனால், 80 லட்சத்துக்குள் இவ்வளவு வசதியோடு நல்ல எஃகுப் படகு கட்டுவது கஷ்டம், விலையை உயர்த்த வேண்டும் என்று மீனவர்கள் தொடர்ந்து கேட்டார்கள். பின்னால் வந்த திட்டத்தில் ஒரு படகின் மதிப்பு 1.2 கோடியாக உயர்ந்ததைப் பார்த்தால், அவர்கள் கேட்டதில் காரணம் இருந்தது புரியும்.

16 லட்சம் கடன்தானே, கட்ட முடியாதா?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 16 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 34,000 ரூபாய். வருடத்துக்கு 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பெரிய படகுக்கு இது அதிகம் இல்லைதான்.

ஆனால், தவணை மாதா மாதம் வரும். மீன் அப்படி வராது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையில்தான். எஞ்சின் பழுது, தொழிலாளர் கிடைக்காத நாள், டீசல் விலை ஏறிய நாள் எல்லாம் தனி. அந்த நாட்களிலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது மானியம் குறைவான ஒரு படகை எடுத்துக்கொள்வோம். விலை 1.2 கோடி, 40 சதவீத மானியம். அரசு தருவது 48 லட்சம். மீதி 72 லட்சத்தில் 12 லட்சத்தைக் கையிலிருந்து போட்டு, 60 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 7 வருடக் கடனாக வாங்குகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை கிட்டத்தட்ட 1 லட்சம். வருடத்துக்கு 12 லட்சம்.

வருடத்தில் 10 முறை ஆழ்கடல் போய் வந்தால், ஒரு பயணத்தின் மேல் விழும் கடன் பாரம் 1.2 லட்சம். 5 முறைதான் போக முடிந்தது என்றால் அதுவே 2.4 லட்சம். டீசல், ஐஸ், இரை, சாப்பாடு, தொழிலாளர் பங்கு இதெல்லாம் இதற்கு மேலே.

இந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. படகின் விலை 80 லட்சமா, 1.2 கோடியா என்பது பாதிக் கேள்விதான். அது வருடத்தில் எத்தனை நாள் கடலில் இருக்கும், எத்தனை நாள் கரையில் கட்டிக் கிடக்கும் என்பது மீதிப் பாதி.

பழைய படகையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விசைப்படகைக் கைவிட்டால் அதன் மதிப்பும் போகிறது, அது தந்த அன்றாட வருமானமும் போகிறது. புதுத் தொழில் கைகூடாவிட்டால் திரும்பிப் போக வழி இல்லை. தயக்கத்துக்குப் பெரிய காரணம் இதுதான்.

இழுவை மடி தெரிந்தவருக்கு சூரை பிடிக்கத் தெரியாதா?

இரண்டும் கடல் தொழில்தான். ஆனால், நெல் விவசாயியிடம் தேயிலைத் தோட்டத்தைக் கொடுத்த மாதிரி.

பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் 3 நாள்தான் போகும். மீதி நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் கிளம்பினால் மறுநாள் கரை. வலையைப் போட்டு, இழுத்து, கிடைத்ததைப் பிரித்து ஏலத்துக்குக் கொண்டுவருவது வேலை. இறால் கிடைத்தால் அன்றைக்கு நல்ல காசு.

ஆயிரங்கால் தூண்டில் முற்றிலும் வேறு. பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தாய்க் கயிறு. அதில் இடைவெளி விட்டு நூற்றுக்கணக்கில் கிளைக் கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் இரை குத்திய தூண்டில். கணவாய், மத்தி மாதிரியான இரையை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். தண்ணீரின் வெப்பம், நீரோட்டம், ஆழம் பார்த்து எங்கே இறக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். கயிறு சிக்கிக்கொண்டால் ஒரு நாள் உழைப்பே வீண்.

சூரை ஒரே இடத்தில் இருக்கும் மீனும் இல்லை. கடல் கடலாக அலையும். தேடிப் போய் வெறும் கையோடு திரும்புவதும் நடக்கும். அந்த நஷ்டத்தைத் தாங்கும் பழக்கமும் கைக்காசும் வேண்டும்.

இன்னொன்று, குடும்பம். மறுநாள் வீடு திரும்பிப் பழகியவர்களை 20 நாள், 30 நாள் கடலில் இரு என்றால் எல்லாரும் வரமாட்டார்கள். தொழிலாளர் வராவிட்டால் எவ்வளவு நவீனமான படகும் நங்கூரத்தில்தான் நிற்கும். பயிற்சி தர கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனமும், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆனால், சில வாரப் பயிற்சி தொழிலின் வாசலைத்தான் காட்டும். மீதியைக் கடலில் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிடித்த மீனுக்கு விலை கிடைக்குமா?

இத்தலார்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பறித்த பச்சைத் தேயிலையை அன்றைக்கே ஃபேக்டரியில் சேர்க்க வேண்டும். மூட்டையிலேயே சூடேறி வாடிவிட்டால் தரம் போச்சு. தோட்டம் எவ்வளவு நல்லா இருந்தாலும், பக்கத்தில் ஃபேக்டரி இல்லாவிட்டால் இலைக்கு விலை இல்லை.

சூரைக்கும் அதே கதைதான். பச்சையாகச் சாப்பிடும் ஜப்பானிய உணவுக்குப் போகும் தரத்தில் இருந்தால் நல்ல விலை. அதற்குப் பிடித்த உடனே ரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, உடம்பு முழுக்க ஐஸில் வைக்க வேண்டும். அதில் தாமதமானால் மீனில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிவிடும். சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை மாதிரி தொல்லை வரும். அப்படிப்பட்ட மீனை ஏற்றுமதிக்கு எடுக்கமாட்டார்கள். உள்ளூர் ஏலத்தில் தள்ளிவிட வேண்டியதுதான். ஒரே மீன், ஒரே எடை. ஆனால், விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இதற்குப் படகில் குளிர் அறை இருந்தால் மட்டும் போதாது. கரையில் ஆழமான துறைமுகம், ஐஸ் ஃபேக்டரி, டீசல் பங்க், குளிர்சாதனக் கிடங்கு, தரம் பார்த்து வாங்கும் வியாபாரி எல்லாம் வேண்டும். பாக் நீரிணைக் கரை ஆழம் குறைந்தது. பெரிய படகுகள் வசதியாக அணையும் இடமில்லை. அதனால்தான் மன்னார் வளைகுடா பக்கம் மூக்கையூரில் துறைமுகமும், பாம்பன் குந்துகாலில் இறங்குதளமும் கட்டப்பட்டன. ஆனால், ராமேஸ்வரத்தில் வீடு, மூக்கையூரில் படகு என்றால் அதுவே தனிச் செலவு, தனி அலைச்சல்.

ஏற்றுமதியாளர் பக்கத்தில் இல்லாதபோது மீனவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கினால் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிவரும். படகு மீனவர் பெயரில் இருக்கும். விலையை முடிவு செய்வது வேறொருவர்.

தூத்தூர் மீனவர்கள் மட்டும் எப்படி ஜெயித்தார்கள்?

தமிழ்நாட்டிலேயே இதற்கு எதிர் உதாரணம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை வரிசையாக உள்ள தூத்தூர் வட்டார மீனவ கிராமங்கள். வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை எல்லாம் அதில் அடக்கம். இந்தியாவிலேயே ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பேர் போனவர்கள் இவர்கள். ஒரு முறை கிளம்பினால் ஒரு மாதம், அதற்கு மேலும் கடலில் இருப்பார்கள். கொச்சி, கோவா, மகாராஷ்டிரா, குஜராத் என எங்கே விலை, எங்கே மீனோ அங்கே போய் இறக்குவார்கள்.

இவர்களிடம் இருப்பதும் விலை உயர்ந்த படகுகள்தான். வித்தியாசம் என்ன?

முதலில் தொழில் வந்தது, பிறகுதான் பெரிய படகு வந்தது. சிறிய படகில் சுறா பிடிக்கப் போனவர்கள், அனுபவம் ஏற ஏறப் படகைப் பெரிதாக்கினார்கள். எந்தக் கருவி தேவை என்று தெரிந்து வாங்கினார்கள். பல படகுகளில் ஒருவர் மட்டும் முதலாளி இல்லை. சொந்தக்காரர்கள் சேர்ந்து பங்கு போட்டு வாங்குவார்கள். நஷ்டம் வந்தாலும் ஒரு வீட்டின் தலையில் மட்டும் விழாது. படகில் போகும் தொழிலாளிக்கும் தினக்கூலி இல்லை, செலவு போக வரும் வருமானத்தில் பங்கு. அதனால் மீன் கெடாமல் பார்ப்பதில் எல்லாருக்கும் அக்கறை இருக்கும்.

ஆனால், தூத்தூர் கதையும் முழுக்க இனிப்பு இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது இவர்களின் படகுகள் பல நடுக்கடலில் இருந்தன. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் படகை வி.ஹெச்.எஃப் வயர்லெஸில் பிடிக்க முடியாது. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள். மீன் பிடிக்கும் கருவிகள் நிறைய இருந்தும், உயிரைக் காக்கும் தகவல் தொடர்புக் கருவி இல்லாததன் விலை அது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஒரு முறை இல்லை, பல முறை.

விசாகப்பட்டினம்: 1980-களில் இறால் ஏற்றுமதியை நம்பி, கடனில் வாங்கிய பெரிய இழுவைக் கப்பல்கள் இங்கே குவிந்தன. எல்லா வசதியும் உள்ளவைதான். ஆனால், எல்லாக் கப்பலும் ஒரே பகுதியில் ஒரே இறாலைத் தேடியபோது ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது குறைந்தது. டீசல் விலையும் ஏறியது. பல நிறுவனங்களால் கடனைக் கட்ட முடியவில்லை. நிறையக் கப்பல்கள் கரையில் துருப்பிடித்தன.

கேரளம்: மத்தியை நம்பி, பல மீனவர்கள் சேர்ந்து பெரிய சுருக்குவலைப் படகுகளை வாங்கினார்கள். 2012-ல் கேரளத்தில் மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் கிடைத்தது வெறும் 3,297 டன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. மீன் குறைந்தது, படகுக் கடன் குறையவில்லை.

இலங்கை: அங்கே 'பலநாள் கலம்' என்று சொல்லப்படும் ஆழ்கடல் படகுகள் சூரை ஏற்றுமதியில் பெரிய வெற்றி. ஆனால், சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016-ல்தான் நீக்கியது. 2022 பொருளாதார நெருக்கடியில் டீசல் கிடைக்காமலும், கிடைத்தால் விலை தாங்காமலும் பல படகுகள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன.

மூன்று இடத்திலும் படகில் குறை இல்லை. மீன் வளம், டீசல், சந்தை இந்த மூன்றில் ஒன்று சறுக்கியதும் படகே பாரமானது.

அப்படியானால் எந்தக் கருவிக்குச் செலவு செய்வது சரி?

விலை உயர்ந்த கருவி எல்லாமே வீண் என்று சொல்ல முடியாது. மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாக இருக்கும்.

1. உயிரைக் காப்பவை: செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி, உயிர்காப்பு உடை, ஆபத்து சமிக்ஞைக் கருவி. இதில் லாப நஷ்டக் கணக்கே வேண்டாம். 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்த 364 கோடி ரூபாய் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். கிடைத்தால் தவறவிடக் கூடாது.

2. செலவைக் குறைப்பவை, மீனின் விலையைக் காப்பவை: நல்ல காப்பு அறை, டீசலைக் குறைவாகக் குடிக்கும் எஞ்சின், ஜிபிஎஸ். இவை ஒவ்வொரு பயணத்திலும் தன் காசைத் தானே திருப்பித் தரும். ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' நிறுவனம், கடலில் மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களைச் செயற்கைக்கோள் தகவலை வைத்து இலவசமாகச் சொல்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் டீசலை மிச்சம் பிடிக்க உதவுவது இது.

3. அதிக மீன் பிடிக்க உதவுபவை: பெரிய எஞ்சின், பெரிய வின்ச், விலை உயர்ந்த மீன் தேடும் கருவி. இங்கேதான் நிதானம் தேவை. பக்கத்துப் படகில் போட்டுவிட்டார் என்று நாமும் போட்டால், அவரும் நாமும் அதே மீனைத்தான் துரத்துவோம். செலவு இரண்டு பேருக்கும் ஏறும், மீன் ஏறாது.

இப்போது என்ன நிலைமை?

2020 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், பாரம்பரிய மீனவர்கள் ஆழ்கடல் படகு வாங்க ஒரு படகுக்கு 1.2 கோடி ரூபாய் என்று மதிப்பு வைக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்கள் மற்றும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம் மானியம். பாக் நீரிணைத் திட்டத்தின் 70 சதவீதத்தோடு ஒப்பிட்டால் மானியம் குறைவு, படகு விலை அதிகம். அப்படியென்றால் மீனவர் தலையில் ஏறும் கடன் பல மடங்கு.

2025 நவம்பரில் பொருளாதார மண்டலக் கடலில் மீன்பிடிப்பதற்கான புது விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரையுள்ள கடலில் விசைப்படகுகளுக்கு அனுமதிச் சீட்டு தேவை. கூட்டுறவு சங்கங்களுக்கும் மீனவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை என்று சொல்லப்பட்டிருக்கிறது. நடுக்கடலிலேயே பெரிய தாய்க்கப்பலுக்கு மீனை மாற்றிக் கொடுக்கும் முறைக்கும் இதில் இடம் உண்டு.

தனி ஆளுக்குப் பதிலாகச் சங்கம் படகை வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்குக் கூட்டுறவு ஃபேக்டரிகள் இருப்பதும் அதே நோக்கத்தில்தான். தனியாக ஃபேக்டரி கட்ட முடியாதவர்கள் சேர்ந்து ஒன்றை நடத்துகிறார்கள். ஆனால், சங்கம் ஒழுங்காக நடந்தால்தான் இலைக்கு விலை என்பதையும் இந்த மலை பல வருடமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. படகுக்கும் அதே நிலைதான்.

கடைசியாக... வாங்கலாமா, வேண்டாமா?

ஆழ்கடல் படகு வாங்க நினைக்கும் ஒருவர், மானியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை:

* ஆழ்கடல் தூண்டில் தொழிலில் இரண்டு மூன்று சீசனாவது வேறு படகில் போய் வந்திருக்கிறோமா?
* ஒரு மாதம் கடலில் இருக்கத் தயாரான ஆட்கள் நம் ஊரில் இருக்கிறார்களா?
* படகு அணையும் துறைமுகத்தில் ஐஸ், டீசல், தரம் பார்த்து வாங்கும் ஆள், மூன்றும் உண்டா?
* தொடர்ந்து இரண்டு பயணம் நஷ்டமானால் மூன்றாவது பயணத்துக்கு டீசல் போட முன்பணம் வாங்காமல் முடியுமா?
* நாலு பேர் சேர்ந்து வாங்க வழி இருக்கிறதா?

இதில் பெரும்பாலானவற்றுக்கு 'ஆமாம்' என்றால், ஒரு கோடி ரூபாய்ப் படகும் சம்பாதித்துக் கொடுக்கும். தூத்தூர் அதற்குச் சாட்சி. பெரும்பாலானவற்றுக்கு 'இல்லை' என்றால், 70 சதவீத மானியத்தில் வந்த படகும் கடனாகத்தான் முடியும்.

அரசுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பாக் நீரிணையில் இழுவை மடியை நிறுத்தியே ஆக வேண்டும். கடலுக்கும் நல்லது, அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவருக்கும் நல்லது, சிறைக்குப் போகும் நம் மீனவர் வீட்டுக்கும் நல்லது. ஆனால், படகை மட்டும் கொடுத்துவிட்டு துறைமுகம், பயிற்சி, சந்தை எல்லாம் பின்னால் வரும் என்று சொன்னால், மீனவர் பழைய படகை விட்டு இறங்கமாட்டார். அவர் இறங்காத வரை, ஒவ்வொரு வாரமும் எல்லைக் கோட்டுப் பக்கம் போகும் படகுகளில் யாராவது ஒரு வீட்டுப் பிள்ளை கூலிக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்.